தொட்டியில் ஒட்டிய ஊர்ப்பெயர்

மேற்கு ஆப்பிரிக்க ஆற்று சிக்லிட் வளர்ப்பவர்கள் மீனின் பெயரைத் தனியாகச் சொல்ல மாட்டார்கள். அது பிடிபட்ட இடமும் கூடவே வரும்: மோலிவே, ந்யேத்தே, லோபே, முயூக்கா, வூரி. கேமரூன் வரைபடத்தில் தேடினால் இவை ஊர்களாகவும் ஆறுகளாகவும் அகப்படும். மீன் கைமாறும்போது இந்தப் பெயரும் கைமாறுகிறது. ஆற்றையே பார்த்திராத, கண்ணாடித் தொட்டியில் பத்தாவது தலைமுறையாகப் பிறந்த குஞ்சுக்கும் சீட்டில் அந்த ஊர்தான் எழுதப்படும். இந்தச் சீட்டை விடாமல் காத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, வீட்டுப் பின்னறையில் தொட்டி வைத்திருந்தவர்கள். மீனியலின் வரலாற்றில் அவர்களுக்கு ஓர் அத்தியாயம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்லிட் நமக்கு அந்நியக் குடும்பம் அல்ல. சந்தையில் கூறு கட்டி விற்கும் ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க ஆறுகளில் பிறந்த சிக்லிட்தான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நான் சொல்ல வந்த மீன்கள் அதன் சிறிய உறவினர்கள். விரல் நீளம் இருக்கும், சாப்பாட்டுக்கு ஆகாது.

19ஆம் நூற்றாண்டின் முடிவில் வில்லியம் ஜான் ஆன்சார்ஜ் என்ற மருத்துவர் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் மீன் சேகரித்தார். மிஷனரியின் மகன், பிறந்தது இந்தியாவில். அவர் அனுப்பியவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஜார்ஜ் ஆல்பர்ட் பூலாஞ்சேயின் மேசைக்குப் போயின. ஆப்பிரிக்க நன்னீர் மீன்களை நான்கு தொகுதிகளில் பட்டியலிட்ட பெரிய அறிஞர் அவர். 1901இல் புல்கர், டேனியேட்டஸ் என்ற இரண்டு இனங்களுக்குப் பெயர் வைத்தார். 1911இல் கேமரூனின் கிரிபி பகுதியைச் சேர்ந்த இன்னொன்றுக்கு க்ரிபென்சிஸ் என்று பெயரிட்டார். இவை இன்று பெல்விகாக்ரோமிஸ் என்ற பேரினத்தில் இருக்கின்றன.

ஆனால் சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் நிற்காது. செதில் எண்ணலாம், துடுப்பு முள் எண்ணலாம், தலையின் நீளத்தை அளக்கலாம். உயிரோடு இருக்கும் பெண் மீனைப் பார்த்தவனுக்கு அந்தப் போத்தலில் இல்லாதது என்னவென்று தெரியும். என் வீட்டில் ஒரு புல்கர் ஜோடி இருக்கிறது. கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சிதான் அவற்றுக்குக் குகை. முட்டையிடும் பருவம் வந்தால் பெண்ணின் வயிறு பழுத்த செர்ரிப்பழ நிறத்துக்கு ஏறும். ஆண் வரும் வழியில் போய் நின்று, உடலை வில்லாக வளைத்து, அந்த வயிறு தெரியும்படி நடுங்கிக் காட்டும். முட்டைகளைக் கொட்டாங்குச்சியின் உட்கூரையில் ஒட்டிவிட்டு உள்ளேயே இருந்து காவல் காக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஒருநாள் அத்தனையையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். தாய் நின்றால் கூட்டம் நிற்கும். இன்னொன்றும் வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: தண்ணீரின் அமிலத்தன்மை கூடினால் குஞ்சுகளில் ஆண்கள் அதிகமாகிவிடும். அதனால்தான் தண்ணீரைப் பற்றி இவர்கள் இவ்வளவு பேசுகிறார்கள்.

பூலாஞ்சேக்குப் பின் வந்த அறிஞர்கள் க்ரிபென்சிஸை டேனியேட்டஸோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றே என்பது முடிவு. மீன் வியாபாரமோ அந்தப் பெயரை எடுத்து நைஜீரியாவின் புல்கருக்குச் சூட்டிவிட்டது. கடையில் 'க்ரிப்' என்று கேட்டால் இன்றுவரை உலகம் முழுக்கக் கிடைப்பது புல்கர்தான்.

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் நுழைந்தார்கள். தொட்டிக்கு மீன் வேண்டும் என்று தாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். எர்ஹார்ட் ரோலோஃப் அப்படிப் போனவர். 1968இல் பெல்ஜிய அறிஞர் டைஸ் வான் டென் ஆடனார்டே ஒரு புதிய மீனுக்கு ரோலோஃபி என்று அவர் பெயரையே வைத்தார். ஹோர்ஸ்ட் லிங்கேவும் வொல்ஃப்காங் ஷ்டெக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் சிக்லிட்களைப் பற்றி எழுதிய கையேடு 1980களின் தொடக்கத்தில் வந்தது. கேமரூனின் ஒவ்வொரு ஓடையிலிருந்தும் வந்த டேனியேட்டஸ் வேறு வேறு முகத்தோடு இருந்தது. வாலில் புள்ளியா இல்லையா, கன்னத்தில் மஞ்சளா பச்சையா, பெண்ணின் வயிற்றில் எந்த ஊதா: உயிரோடு பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடுகள் கண்ணில் படாமல் போகாது. எல்லாம் ஒரே இனம் என்று புத்தகம் சொன்னாலும் அவர்கள் ஓடைக்கு ஒரு தொட்டி வைத்தார்கள். கலக்கவில்லை. குஞ்சு விற்கும்போது காட்டு மீனின் பிள்ளையா, பேரப்பிள்ளையா என்பதையும் எஃப்1, எஃப்2 என்று குறித்துக் கொடுத்தார்கள். மேலிருந்து யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை.

2014இல் அந்தச் சீட்டுகளுக்கு மதிப்பு வந்தது. வியன்னாவின் ஆன்டன் லாம்பாய், தாமும் மீன் வளர்ப்பவர், இரண்டு சகாக்களோடு டேனியேட்டஸ் கூட்டத்தை மறுபடி ஆராய்ந்தார். கேமரூன் மீன்கள் தனி இனம் என்று நிறுவி, பூலாஞ்சே வைத்த க்ரிபென்சிஸ் என்ற பெயரை நூறு ஆண்டு கழித்து அதற்கே திருப்பிக் கொடுத்தார்கள். தொட்டிகளில் 'வூரி' என்று சீட்டு ஒட்டிக் காத்திருந்த மீன் டிராகென்ஃபெல்சி என்ற புதிய இனமாயிற்று. அது புதுக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கப்பட்டபோது, அதன் குஞ்சுகள் ஐரோப்பிய வீடுகளில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தன. அந்த ஒரு செய்தியில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

எல்லா ஆற்று மீனையும் தொட்டியில் காப்பாற்றிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், கின்ஷாசாவுக்குக் கீழே, கடலை நோக்கித் தண்ணீர் பாறைகளில் மோதிப் பாய்கிறது. சில இடங்களில் ஆழம் 200 மீட்டருக்கும் மேல். அங்கே லாம்ப்ரோலோகஸ் லெத்தாப்ஸ் என்ற சிக்லிட் உண்டு. வெளிறிய உடல், குருட்டுக் கண். டைசன் ராபர்ட்ஸும் டொனால்ட் ஸ்டூவர்ட்டும் 1976இல் விவரித்தார்கள். மீனவர் கைக்கு வருவது பெரும்பாலும் செத்த மீனோ சாகும் மீனோதான். நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் மெலனி ஸ்டியாஸ்னி சாகும் மீன் ஒன்றைப் பார்த்தபோது, தோலுக்கடியில் காற்றுக் குமிழிகள் இருந்தன. மிக ஆழத்திலிருந்து நீரோட்டம் சட்டென மேலே தூக்கி எறிந்ததில் வந்த சாவு. 2015இல் அவரும் எலிசபெத் ஆல்ட்டரும் அதே காங்கோ வடிநிலத்தின் டெலியோகிராமா என்ற சிக்லிட் பேரினத்து மீன் ஒன்றுக்கு ஒபாமா தம்பதியின் பெயரை வைத்தார்கள். டெலியோகிராமாவை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். லெத்தாப்ஸுக்கு அந்த ஆழம்தான் வீடு.

கேமரூனில் நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. கிரிபியில் 2018இல் ஆழ்கடல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. மோலிவே, முயூக்கா இருக்கும் தென்மேற்கு மாநிலத்தில் 2017 முதல் ஆயுத மோதல். அந்த ஓடைகளுக்கு வலையோடு போய் வருவது முன்போல் எளிதல்ல. இப்போதைக்குத் தொட்டிகளில் இருக்கும் மோலிவேதான் வளர்ப்பவர்களுக்கு மோலிவே.

சென்னை கொளத்தூரில் வாங்கிய என் ஜோடி பண்ணைப் பிறப்பு. நைஜீரியாவின் எந்த ஆற்றிலிருந்து அதன் முன்னோர் வந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சீட்டு எப்போதோ, எந்தப் பண்ணையிலோ தொலைந்துவிட்டது. அதனால் அதன் அழகு குறையவில்லை. ஆனால் ஊர்ப்பெயரோடு ஒரு ஜோடி உங்கள் கைக்கு வந்தால் தனித் தொட்டி கொடுங்கள். பக்கத்து ஆற்றின் ஜோடி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதோடு விடாதீர்கள். ஒரு ஈடு குஞ்சு கலந்துவிட்டால் அப்புறம் எந்த அறிஞராலும் பிரித்துக் கொடுக்க முடியாது. குஞ்சு கொடுக்கும்போது பிளாஸ்டிக் பையின் மேல் மார்க்கர் பேனாவால் ஊரையும் தலைமுறையையும் எழுதுங்கள். வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.