மழையில் இறுகிய ரைபிளும் ஒரு சிட்டிகை கிரீஸும்

பைக்குல இன்ஜின் ஆயில் வற்றிப்போனா மெக்கானிக் என்ன சொல்வார்? "சார், இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு." பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்துக்கொண்டன என்று அர்த்தம்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதே மாதிரி சிக்கல் ஒரு ரைபிளுக்கும் வந்தது.

1936-இல் அமெரிக்க ராணுவம் எம்1 காரண்ட் ரைபிளை ஏற்றுக்கொண்டது. வடிவமைத்தவர் ஜான் காரண்ட். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச்சாலையில் வேலை பார்த்தவர். பழைய ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளணும். காரண்டில் வெடிமருந்து வாயுவே அந்த வேலையைச் செய்துவிடும். வாயு ஒரு எஃகுத் தண்டைப் பின்னால் தள்ளும், அந்தத் தண்டு போல்ட்டைத் திருப்பித் திறக்கும். எட்டு ரவுண்டு வரை விசையை அழுத்தினாலே போதும்.

எல்லாம் எஃகு மேல் எஃகு. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான்.

இங்கேதான் மழை விளையாடியது. விடாமல் பெய்யும் மழை எண்ணெயைக் கழுவிவிடும். காய்ந்த எஃகு எஃகோடு உரசும். போல்ட் இறுகி, திறக்க மறுக்கும். எதிரி முன்னால் நிற்கும்போது இப்படி ஆனால்? நினைத்துப் பாருங்கள்.

ஏன் இப்படி ஆகிறது? கேம்பிரிட்ஜில் பவுடன், டேபர் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு விடை சொன்னார்கள். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட உலோகமும் நுண்ணிய அளவில் மலையும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகள் சேரும்போது சிகரங்கள் மட்டுமே தொடும். மொத்த பாரமும் அந்தச் சில புள்ளிகளில் இறங்கும். மேலே இருக்கும் ஆக்சைடு தோல் கிழியும். உள்ளே இருக்கும் சுத்த உலோகம் சுத்த உலோகத்தைத் தொட்டதும், நெருப்பே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். மேலும் நகர்த்தினால் பிய்ந்து வரும். பிய்ந்த துணுக்கு அடுத்த இடத்தை உழும். இதற்குப் பெயர் காலிங். இரண்டு பக்கமும் ஒரே உலோகம், ஒரே கடினம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம்.

தீர்வு என்ன தெரியுமா? ரைபிளைத் தூக்கிப் போடவில்லை. தண்ணீரில் எளிதில் கரையாத, கெட்டியான லூப்ரிப்ளேட் என்ற கிரீஸைக் கொடுத்தார்கள். அதற்கென ஒரு குட்டி டப்பா, துப்பாக்கிக் கட்டையின் பின்புறக் குழிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். உரசும் இடங்களில் விரலால் கொஞ்சம் தடவினால் போதும்.

இன்னொரு காவலும் ஏற்கனவே இருந்தது. எஃகின் மேல் பாஸ்பேட் பூச்சு, 'பார்க்கரைசிங்' என்பார்கள். சாம்பல் நிறம், சொரசொரப்பு. துரு பிடிக்காமல் காப்பதோடு, பஞ்சு மாதிரி எண்ணெயையும் பிடித்து வைக்கும்.

சரி டாக்டர், இதை நீங்க ஏன் சொல்றீங்கன்னு கேட்கலாம். இதே எதிரி எங்கள் ஆபரேஷன் தியேட்டரிலும் உண்டு!

எலும்பு முறிவுக்கு டைட்டானியம் பிளேட் வைக்கிறோம். சில வகைகளில் ஸ்க்ரூவின் தலையும் மரையோடு பிளேட்டுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். வருடங்கள் கழித்துக் கழற்றப் போனால் சில சமயம் அசையவே அசையாது. தலையை டிரில் போட்டு எடுக்க வேண்டிவரும். அதனால்தான் பூட்டும்போதே, குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் 'டக்' என்று நின்றுவிடும் ஸ்க்ரூ டிரைவரைப் பயன்படுத்துகிறோம். அதிகமா முறுக்கினா பலம் கூடாது. கழற்றும் நாளில் வம்புதான் கூடும்.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ பிளேட் வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரையும் பத்திரமா வையுங்க. எந்த ஸ்க்ரூவுக்கு எந்தக் கருவி என்பது அதிலிருந்துதான் தெரியும்.

எஃகு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், நடுவில் ஒரு மெல்லிய படலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு போர்வீரனின் உயிர் அந்த ஒரு சிட்டிகை கிரீஸில் இருந்தது.