பாடிகாவல் முதல் போலீஸ் வரை

1924 ஜூன் 26 இரவு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் திருடர்கள் புகுந்தனர். ரமண மகரிஷியையே தொடையில் அடித்தார்கள். திருப்பி அடிக்கப் போன சீடர்களை அவர் தடுத்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்ததோ சுமார் பத்து ரூபாய் பெறுமான பொருட்கள்தான்! போலீஸ் வந்து விசாரித்தது. பின்னர் திருடர்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள்.

இதே திருட்டு இருநூறு வருடங்களுக்கு முன் நடந்திருந்தால்? அப்போது இன்றைய போலீஸே கிடையாது. தமிழகக் கிராமங்களில் பாடிகாவல் முறை இருந்தது. காவல்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு. களவு போனால் அவர் மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டத்தை அவரே ஈடுகட்ட வேண்டும். இங்கிலாந்திலும் 1285-ல் வந்த வின்செஸ்டர் சட்டப்படி, கொள்ளையன் பிடிபடாவிட்டால் அந்த வட்டாரமே நஷ்டஈடு தர வேண்டியிருந்தது. ஆனால் இங்கே காவல்காரர்களே மாட்டைத் திருடிவிட்டு, திருப்பித் தர 'துப்புக்கூலி' வாங்கியதும் உண்டு.

கம்பெனி ஆட்சி 1816-ல் போலீஸ் அதிகாரத்தைத் தாசில்தாரிடம் கொடுத்தது. வரி வசூலிப்பவரே திருடனையும் பிடிக்க வேண்டும். விளைவு? வரி பாக்கிக்கும் அடி, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் அடி. விரல்களை நசுக்கும் 'கிட்டி', குனியவைத்துக் கயிற்றால் கட்டும் 'அண்ணாந்தாள்' எல்லாம் 1855-ல் வந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கையில் பதிவாகியுள்ளன.

இதன் பிறகுதான் வரி வசூலும் போலீஸும் பிரிக்கப்பட்டன. சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் 1859-ல் வந்தது. லண்டன் போலீஸ் தொடங்கி அப்போது 30 வருடங்கள் ஆகியிருந்தன. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டம் இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது! 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டத்திலும் 23-வது பிரிவாகத் தொடர்கிறது.

பழைய முறையில் பறிகொடுத்தவருக்குப் பொருள் அல்லது ஈடு கிடைத்தது. புதிய முறையில் திருடனுக்குத் தண்டனை கிடைக்கிறது, நஷ்டம் பெரும்பாலும் பறிகொடுத்தவருக்கே. அதற்குப் பதிலாகப் பிடிபட்டவரை அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு வந்தது.

அதுவாவது முழுதாக நிறைவேறியதா? 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். 1855 அறிக்கை இன்னும் பழைய கதை ஆகவில்லை.