உடல் உணராத மிகை: தருமபுரி வட்டாரக் குடிநீர் ஃபுளோரைடும் அகச்சமநிலைக் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

உயிர்கள் தம் புறச்சூழலின் மாற்றங்களை உணர்ந்து அகநிலையைச் சீராக வைத்துக்கொள்கின்றன. எனினும் குடிநீரில் மிகும் ஃபுளோரைடை உணரும் உறுப்பு மனித உடலில் இருப்பதாக அறியப்படவில்லை. இக்குறைபாட்டை அறிவியலும் அரசும் ஈடுசெய்ய முயன்ற வரலாற்றைத் தருமபுரி வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகச்சமநிலை, ஃபுளோரைடு, தருமபுரி, பொம்மிடி, ஒகேனக்கல்

முன்னுரை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. உற்றறிதல் தொடங்கிச் சுவை, நாற்றம், காட்சி, கேள்வி என வளரும் அவ்வரிசையில் மனம் ஆறாவதாக அமைகிறது. குடிநீரில் கரைந்துள்ள ஃபுளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நோய் விளைவிக்கும் அளவிலும் நாவுக்குச் சுவை தெரிவதில்லை. ஐம்புலன்களுக்கும் அகப்படாத அதை ஆராய்ச்சியால் மட்டுமே அறிய இயலும்.

அகச்சமநிலையும் அதன் எல்லையும்

உயிரணுக்களைச் சூழ்ந்த அகச்சூழலின் நிலைபேறே உயிரின் சுதந்திர வாழ்வுக்கு அடிப்படை என்பது பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்டின் கருத்து. வால்டர் கேனன் 1926இல் அதற்கு 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டார். குருதியின் கால்சியம் இதற்குத் தக்க சான்று. அதன் அளவு சற்றே குறைந்தாலும் இணைத்தைராய்டு சுரப்பிகள் உணர்ந்து ஹார்மோனைச் சுரக்கின்றன. இவ்வுணர்வேற்பியின் மூலக்கூறு 1993இல் இனங்காணப்பட்டது.

ஃபுளோரைடுக்கு இத்தகைய ஏற்பாடு இல்லை. குருதியில் அதன் அளவு, உட்கொள்ளும் அளவுக்கேற்ப ஏறி இறங்குகிறது. சிறுநீரகம் ஒரு பகுதியை வெளியேற்ற, எஞ்சியதில் பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும் படிகிறது. வளரும் எலும்புகள் மிகுதியாக ஈர்த்துக்கொள்வதால் குழந்தைகளின் உடலில் தங்கும் பங்கு கூடுதல். எலும்பின் இப்படிவு குருதியைச் சிறிது காக்கிறது. ஆனால் அக்காப்பின் விலையை எலும்பே செலுத்துகிறது.

தாகத்தின் முரண்

குருதியின் செறிவு மாற்றத்தை அறியும் சவ்வூடுபரவல் உணர்வேற்பிகள் மூளையில் உள்ளன என்பதை வெர்னி 1947இல் வெளியிட்ட ஆய்வு உணர்த்தியது. வெயிலில் உழைப்பவர் வியர்க்கிறார், செறிவு கூடுகிறது, தாகம் எழுகிறது, அவர் நீர் அருந்துகிறார். உடல் தன் கடமையைப் பிழையின்றிச் செய்கிறது. எனினும் அந்நீர் ஃபுளோரைடு மிகுந்ததாயின், காக்கும் தாகமே கேட்டையும் உள்ளே கொணர்கிறது. இதனாலேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் 1962ஆம் ஆண்டுத் தரநிலைகள் வெப்பம் மிக்க இடங்களுக்குக் குறைந்த ஃபுளோரைடு வரம்பை விதித்தன.

சேர்வராயன் மலைக்கு வடக்கே, சேலம் - சோலார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த பொம்மிடி உள்ளிட்ட தருமபுரி மாவட்டம், கடும்பாறை நிலமும் வறண்ட கோடையும் கொண்டது. பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அப்பட்டைட் போன்ற கனிமங்களோடு நெடுங்காலம் உறவாடும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. இம்மாவட்டத்தில் தாகத்தின் முரண் கோட்பாடளவில் நின்றுவிடவில்லை; பல ஊர்களின் அன்றாடமாயிற்று.

நோய் அறியப்பட்ட வரலாறு

பற்களில் கறை படிவதற்குக் குடிநீர் ஃபுளோரைடே காரணம் என்பது 1931இல் அமெரிக்காவில் தெளிவாயிற்று. சென்னை மாகாணத்தில் ஷார்ட், மெக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர் 1937இல் நெல்லூர்ப் பகுதியை ஆராய்ந்து, முதுகெலும்பை இறுக்கி முடமாக்கும் எலும்பு நோயைப் பதிவு செய்தனர். அன்று தருமபுரி அதே மாகாணத்தின் சேலம் மாவட்டப் பகுதியாக இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமாயிற்று.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் ஏற்கத்தக்க ஃபுளோரைடு அளவை லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றும், மாற்று நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவே கூடும். எனவே மாற்று நீராதாரமே நிலைத்த தீர்வாகக் கருதப்பட்டது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறிய இத்திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரை வழங்குவதே அதன் நோக்கம். ஒரு நோயின் பெயரைத் திட்டமே தாங்கி நிற்பது, மக்கள் உடல்களில் நிகழ்ந்ததை அரசு ஒப்புக்கொண்டதன் ஆவணமாகும்.

நுண்ணுயிர் தரும் ஒப்பீடு

யேல் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு பிரேக்கர் குழுவினர் 2012இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இங்குக் குறிப்பிடத்தக்கது. பல பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ. பகுதிகள் ஃபுளோரைடைப் பற்றிக்கொண்டு, அதை வெளியேற்றும் புரதங்களுக்கான மரபணுக்களை இயக்குகின்றன. ஓரணு உயிர் உணர்ந்து வெளியேற்றுவதை, ஆறறிவு படைத்த உயிரின் உடல் உணரவில்லை. ஆதலால் அறிவின் ஏறுவரிசையும் உடலின் உணர்திறனும் ஒன்றன்று.

முடிவுரை

தருமபுரியின் வரலாறு அகச்சமநிலைக் கோட்பாட்டின் வரம்பைத் தெளிவாக்குகிறது. உடல் உணராததை நீர்ப் பரிசோதனை உணர்கிறது. உடல் வெளியேற்றத் தவறுவதை நீர் வழங்கல் முன்கூட்டியே தவிர்க்கிறது. அவ்வகையில் இவ்விரண்டும் சமூகம் தனக்கென அமைத்துக்கொண்ட புறப்புலன்கள். குழாய்நீர் தடைப்படும் நாளில் மக்கள் பழைய ஆழ்துளைக் கிணற்றை நாடினால் தாகம் தணியும். எச்சரிக்கை எதுவும் எழாது. ஆகவே நீராதாரங்களைத் தொடர்ந்து பரிசோதித்து, முடிவுகளை அவ்வவ்வூர் மக்கள் அறியத் தருவது இவ்வட்டாரத்தின் உடல்நலக் காப்பில் தவிர்க்கவியலாத கடமையாகும்.