முள்ளந்தண்டு பாதிப்பு: பட்டவரே சொல்லித்தரும் பாடம்

மருதானையில் என் அறைக்கு அண்ணா (பெரியம்மாவின் மகன்) வருகிறார் என்றால், ராகம புனர்வாழ்வு வைத்தியசாலையில் மறுநாள் அவருக்கு கிளினிக். 2009 இல் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். வந்ததும் முதலில் கேட்பது ஒரு கைக்கண்ணாடி. கட்டிலில் சரிந்து பிட்டத்தையும் குதிக்கால்களையும் பார்த்துக்கொள்வார். சிவந்திருக்கிறதா, தோல் உரிந்திருக்கிறதா?

வைத்தியர்களும் தாதிகளும் இதைச் சொல்லாமலில்லை. ஆனால் பழக்கமாக்கியவர், பக்கத்துக் கட்டிலில் இருந்த, அவரைப் போலவே காயப்பட்ட ஒருவர்.

உணர்வில்லாத உடம்பு தானாக அசையாது. எலும்புக்கும் ஆசனத்துக்கும் இடையில் தசை நசிபட்டு, இரத்த ஓட்டம் நின்று, புண்ணாகும். அது எலும்பு வரை போய்க் கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிராபத்து. ஒரு காலத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும்தான் இறந்தார்கள். 1944 இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் நோயாளிகளை இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார். நிலைமை மாறத் தொடங்கியது.

சக்கர நாற்காலியில் கால் மணித்தியாலத்துக்கோ அரை மணித்தியாலத்துக்கோ ஒருமுறை முன்னே குனிந்தோ பக்கம் சரிந்தோ இரண்டு நிமிடம் பாரத்தை விலக்க வேண்டும். கைகளை ஊன்றி எழும்புவதை அவ்வளவு நேரம் தாங்க முடியாது, தோள்மூட்டும் தேயும். அழுத்தியும் வெளிறாத சிவப்பு தெரிந்தால், அது மாறும்வரை அந்த இடத்தில் பாரம் கொடுக்கக் கூடாது.

தண்ணீர் விடயம் இன்னும் சிக்கல். இடைவிட்டு கதீற்றர் போடுபவர்கள் நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தூரப் பயணத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிவறை கிடைக்காது என்பதால் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. வைத்தியர் கேட்டால் “குடிக்கிறன்” என்பார்கள். தம்மைப் போன்ற ஒருவரிடம்தான் உண்மை வரும்.

வீட்டாரும் அறியவேண்டிய ஒன்று: மார்பின் நடுப்பகுதி மட்டத்திலோ அதற்கு மேலோ காயப்பட்டவருக்குத் திடீரெனக் கடுந்தலையிடியும் முகத்தில் வியர்வையும் வந்தால், நிமிர்த்தி இருத்தி, உடுப்பைத் தளர்த்தி, சிறுநீர் ரியூப் மடங்கியோ அடைபட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். தணியாவிட்டால் உடனே வைத்தியசாலை.

மாங்குளத்தின் ‘உயிரிழை’ முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே நடத்தும் அமைப்பு. தமிழ்நாட்டின் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981 இல் தொடங்கிய ராமகிருஷ்ணனும் 1975 இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயத்தின் 26 ஆம் உறுப்புரை, மறுவாழ்வில் சக பாதிக்கப்பட்டோரின் ஆதரவையும் அரசின் கடமைக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. தொண்டாக விடாமல் இதைச் சம்பளத்துடன் கூடிய வைத்தியசாலைப் பதவியாக்க வேண்டும் என்பேன்.

போன கிழமை பனையிலிருந்து விழுந்த ஒரு பெடியனுடன் அண்ணா ஒரு மணித்தியாலம் ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். பாதி நேரம் குஷன் பற்றியே.