பிச்சையா, பரிசிலா? விசுவபாரதி கலைக்குழுவின் நிதிப் பயணங்கள்

1936 மார்ச் மாதம் ரவீந்திரநாத் தாகூர் டெல்லிக்கு வந்தபோது அவருக்கு 74 வயது. உடல்நலம் குன்றியிருந்தது. உடன் வந்தவர்கள் சாந்திநிகேதனின் மாணவர்களும் ஆசிரியர்களும் அடங்கிய ஒரு நடனக் குழுவினர். பாட்னா, அலகாபாத், லாகூர் முதலிய நகரங்களில் ‘சித்திராங்கதா’ நாட்டிய நாடகத்தை நிகழ்த்தி, நுழைவுச்சீட்டு வருவாயாலும் நன்கொடையாலும் விசுவபாரதியின் பற்றாக்குறையை ஈடுகட்டுவது அப்பயணத்தின் நோக்கம். அப்போது டெல்லியில் இருந்த காந்தி, முதிய வயதில் கவிஞர் இவ்வாறு ஊர் ஊராக அலைவதைக் காணப் பொறுக்காமல், 60,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தார். கொடுத்தவர் பெயர் வெளியிடப்படவில்லை. எஞ்சிய நிகழ்ச்சிகளைக் கைவிட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்பதே காந்தியின் வேண்டுகோள்.

இரு பெரியோரின் நட்புக்குச் சான்றாகவே இந்நிகழ்வு பெரும்பாலும் எடுத்துரைக்கப்படுகிறது. ஆயினும் அதனுள் ஒரு கருத்து வேறுபாடு மறைந்திருந்தது. ஓராண்டுக்குள் அது கடிதங்களில் வெளிப்பட்டது. ஒரு கலைக்குழு ஊர் ஊராகச் சென்று நிகழ்த்திப் பொருள் ஈட்டுவதை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதே அந்த வேறுபாட்டின் மையம். அதனை விளங்கிக்கொள்ள, அப்பொருள் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை முதலில் காண வேண்டும்.

சாந்திநிகேதனுக்கு அருகிலுள்ள சுருல் கிராமத்தில் 1922 பிப்ரவரி 6 அன்று கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்ற இந்நிலையம் விசுவபாரதியின் கிராமப் பிரிவாகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்ற ஆங்கிலேயரான லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் அதன் முதல் இயக்குநர். மலேரியாவால் நலிந்திருந்த பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் குட்டைகளைத் தூர்த்தல், வடிகால் அமைத்தல், கொய்னா மருந்து வழங்கல் ஆகியவை அங்கு அன்றாடப் பணிகளாயின. கிரெட்சன் கிரீன் என்னும் அமெரிக்கச் செவிலியர் தொடக்க ஆண்டிலேயே மருந்தகப் பணியை ஏற்றார். பின்னர் ஹாரி டிம்பர்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் மலேரியா ஒழிப்பில் ஈடுபட்டார். உறுப்பினர் குடும்பங்கள் சிறு சந்தா செலுத்தி மருத்துவ உதவி பெறும் கூட்டுறவு நலச் சங்கங்கள் உருவாயின. 1924இல் கிராமத்துப் பிள்ளைகளுக்கென ‘சிக்ஷா சத்ரா’ பள்ளி தோன்றியது. ஏட்டுக் கல்வியோடு தோட்டமும் நெசவும் அதன் பாடங்களாக இருந்தன.

இத்தனைக்கும் நிலையான வருவாய் எதுவும் இல்லை. 1913இல் பெற்ற நோபல் பரிசுத் தொகையைத் தாகூர் பதிசாரில் தாம் உழவர்களுக்காக நிறுவிய வேளாண் வங்கியில் வைப்பாக இட்டிருந்தார். உழவர்க்குக் கடன், பள்ளிக்கு வட்டி என்பது திட்டம். கடன்கள் திரும்பாமல் அத்தொகை நாளடைவில் கரைந்தது. 1920-21இல் அமெரிக்காவில் நிதி திரட்ட மேற்கொண்ட முயற்சியும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. எல்ம்ஹர்ஸ்டின் மனைவியாகப் பின்னர் வந்த செல்வர் டொரத்தி, ஸ்ரீநிகேதனுக்கு ஆண்டுதோறும் வழங்கிய நிதியே கிராமப் பணியின் முதன்மைத் தூணாக இருந்தது. நிறுவனத்தின் பொதுச் செலவிலோ ஆண்டுதோறும் பள்ளம் விழுந்துகொண்டே இருந்தது. அப்பள்ளத்தை நிரப்பும் பொறுப்பு கலைக்குழுவின் மேல் விழுந்தது.

கிராமத்தின் துயருக்காக மேடையேறும் வழக்கம் ஸ்ரீநிகேதனுக்கும் முந்தியது. 1916 ஜனவரியில், பாங்குரா மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு உதவும் பொருட்டு, கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் ‘பால்குனி’ நாடகம் நிகழ்த்தப்பட்டது. அதில் தாகூர் ஏற்ற வேடங்களுள் ஒன்று கண்பார்வையற்ற பாவுல் பாடகர். பத்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட ‘நடீர் பூஜா’வில் ஓவியர் நந்தலால் போசின் மகள் கௌரி நடனமாடினார். நற்குடும்பப் பெண் பொது அரங்கில் ஆடுவதைக் கல்கத்தாச் சமூகம் ஏற்காத காலம் அது. எனவே 1927இல் அந்நகரில் அது அரங்கேறியபோது, உபாலி என்னும் பௌத்தத் துறவியாகத் தாகூரே மேடையில் தோன்றினார். அவரது வெண்தாடியே அப்பெண்ணுக்குக் காப்பாயிற்று.

இவ்விரு வேடங்களும் தற்செயலாக அமைந்திருக்கலாம். எனினும் ஓர் ஒற்றுமை கருதத்தக்கது. வங்காளத்துப் பாவுல் பாடகர் வீடு வீடாகப் பாடிப் பெறுவதை ‘மாதுகரி’ என்பர். தேனீ மலர்தோறும் சென்று தேன் சேர்ப்பது போன்றது என்பது அதன் பொருள். பிக்கு என்ற சொல்லோ பிச்சை ஏற்று வாழ்பவர் என்றே பொருள்படும். இந்த மரபில் பாடலும் அறமும் ஏற்றலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கடல் கடந்த பயணங்களுள் 1934ஆம் ஆண்டின் இலங்கைப் பயணம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. மே, ஜூன் மாதங்களில் குழுவினர் கொழும்பில் ‘சாபமோசன்’ நாட்டிய நாடகத்தை நிகழ்த்தினர். கண்டிக்கும் யாழ்ப்பாணத்திற்கும் சென்றனர். ஹொரணையில் வில்மட் பெரேரா நிறுவிய ஸ்ரீபாளி கல்வி நிலையத்திற்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனை முன்மாதிரியாகக் கொண்டது அந்நிலையம். நிதி தேடிச் சென்றவர்கள் இவ்வாறு அயல்நாட்டில் ஒரு கிராமக் கல்வி முயற்சிக்கும் துணையாயினர். கண்டிய நடனம் சாந்திநிகேதனின் ஆடல்மொழிக்குள் புகுந்தது. இலங்கையிலிருந்து ஆனந்த சமரக்கோன், எதிரிவீர சரச்சந்திர போன்றோர் பின்னாளில் சாந்திநிகேதன் சென்று பயின்றனர். அவர்களுள் முன்னவர் இலங்கையின் நாட்டுப்பண்ணை இயற்றினார். பின்னவர் சிங்கள நாடகத்தைப் புதுப்பித்தார். இப்பயணத்தின் பயனைக் கணக்கேட்டில் மட்டும் தேடுபவர் அதன் பெரும்பகுதியைக் காணத் தவறுவர்.

ஸ்ரீநிகேதனின் கிராமப் பணியாளர்களுள் முதன்மையானவர் காளிமோகன் கோஷ். பீர்பூமின் கிராமங்களுக்கு நடந்து சென்று மக்களைத் திரட்டியவர் அவர். அவருடைய மகன் சாந்திதேவ் கோஷ், தாகூர் பாடல்களின் புகழ்பெற்ற பாடகர். கலைக்குழுவின் பயணங்களில் பங்கேற்றவர். கண்டிய நடனத்தைப் பயின்றவர். தந்தை கிராமத்திலும் மகன் மேடையிலும் பணியாற்றிய அக்குடும்பம், விசுவபாரதியின் இரு கைகளையும் ஒருங்கே காட்டுகிறது. அதே சமயம் ஓர் இடைவெளியும் புலப்படுகிறது. நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் நகரத்துப் படித்த வகுப்பினர். மலேரியாவில் கிடந்தவர்கள் சுருலின் உழவர்கள். முன்னவர் தாம் கண்ட ஆடலுக்கு விலை கொடுத்தனரா, காணாத கிராமத்திற்கு அறம் செய்தனரா? நிதிக்கென நடத்தப்படும் எல்லாக் கலை நிகழ்ச்சிகளுக்கும் உரிய வினா இது.

1937 பிப்ரவரியில் இவ்வினா கூர்மையடைந்தது. விசுவபாரதியின் வாழ்நாள் அறங்காவலராக இருக்குமாறு தாகூர் கேட்டுக்கொண்டதைக் காந்தி மறுத்தார். அக்கடிதத்தில், தாகூர் மீண்டும் நிதிப் பயணம் புறப்பட இருப்பதாகக் கேள்விப்பட்டு வருந்திய அவர், அதனைப் பிச்சைக்கான பயணம் என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். அச்சொல் கவிஞரைப் புண்படுத்தியது. தம் பயணங்கள் நிதிக்காக மட்டும் அல்ல என்றும், தாம் படைத்ததை மக்கள் முன் வைப்பது தம் வாழ்வின் அறத்தில் ஒரு பகுதி என்றும் அவர் மறுமொழி எழுதினார். இழிவு கருதி அச்சொல்லை ஆளவில்லை எனக் காந்தி விளக்கினார். பொதுப்பணிக்காகக் கையேந்துவதைத் தம் வாழ்நாள் முழுதும் பெருமையாகக் கொண்டவர் அவர். அவர் நாவில் அச்சொல்லுக்குக் களங்கம் இல்லை. தாகூரின் செவியிலோ அது, கொடுத்துப் பெறும் ஓர் உறவை ஒருபக்கமாக்கிவிட்டது.

தமிழ்ச் சொல்வளம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகிறது. திருக்குறளில் ‘இரவு’ அதிகாரத்தை அடுத்தே ‘இரவச்சம்’ அமைந்துள்ளது. ஏற்றலுக்கும் ஏற்க நாணுதலுக்கும் இடையிலான இழுபறி அவ்வடைவிலேயே தெரிகிறது. ‘பரிசில்’ இவ்விரண்டினின்றும் வேறானது. அது கலைக்கும் புலமைக்கும் உரிய மதிப்பு. புறநானூற்றின் 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், அதியமான் தம்மை நேரில் காணாமலேயே அனுப்பிய பொருளை ஏற்க மறுக்கிறார். தினையளவே ஆயினும் தம் தகுதியறிந்து தருவதே அவருக்கு இனிது. டெல்லியில் கிடைத்த 60,000 ரூபாயும் ஒருவகையில் காணாது ஈந்த பொருளே. ஆடலைக் காண்பதற்காக அன்றி, ஆடலை நிறுத்துவதற்காக அது தரப்பட்டது. ஆனால் தாகூர் அதனை மறுக்கவில்லை. சங்கப் புலவரின் மறுப்பால் அவர் குடும்பம் மட்டுமே வாடியிருக்கும். தாகூர் மறுத்திருந்தால், அந்நிறுவனத்தை நம்பியிருந்த ஆசிரியர்களும் மாணவர்களும் கிராமங்களும் அதன் விலையைக் கொடுத்திருக்க நேரும். தன்மானத்தின் அளவுகோல் தனிமனிதர்க்கும் நிறுவனத்திற்கும் ஒன்றாக இருப்பதில்லை.

1940 பிப்ரவரியில் காந்தி சாந்திநிகேதனுக்கு வந்தபோது, விசுவபாரதியைக் காக்குமாறு வேண்டும் கடிதம் ஒன்றைத் தாகூர் அவரிடம் அளித்தார். காந்தி அதனை அபுல் கலாம் ஆசாத்திடம் காட்டினார். மறு ஆண்டு ஆகஸ்டு 7 அன்று தாகூர் மறைந்தார். ஆசாத் நடுவண் கல்வி அமைச்சராக இருந்த 1951இல், விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் செலவு அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற்றது.

‘சித்திராங்கதா’, ‘சண்டாளிகா’, ‘சியாமா’ ஆகிய நாட்டிய நாடகங்கள் மூன்றும் பணமுடை மிகுந்த 1936-39 ஆண்டுகளில் உருப்பெற்றவை. ஆடத் தெரிந்த ஒரு குழுவும், அதனை வெளியூர் அழைத்துச் செல்ல வேண்டிய கட்டாயமும் இல்லாதிருந்தால், அவை இவ்வடிவில் தோன்றியிருக்குமா என்பது ஐயமே. அவ்வகையில் நிறுவனத்தின் வறுமைக்கும் அக்கலையின் ஆக்கத்தில் பங்குண்டு. அதனைப் பிச்சை என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்க இயலாது என்பதையே தாகூரின் மறுமொழி பதிவு செய்திருக்கிறது.