செட்டிநாட்டு ஓடுதளமும் நூறு ஆக்டேனும்

கானாடுகாத்தானை அடுத்த செட்டிநாட்டில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, தளம் மட்டும் கிடக்கிறது. அதைத் திரும்ப விமான நிலையமாக்க வேண்டும் என்று அவ்வப்போது ஒரு கோரிக்கை எழும், பிறகு அடங்கும்.

செட்டிநாட்டுக்கு அந்தப் போர் செய்தித்தாளில் படித்த சங்கதி மட்டும் இல்லை. 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை ரங்கூனை நெருங்கியபோது, எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று பிரிட்டிஷாரே சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தகர்த்தார்கள். அந்தப் புகைக்கு நடுவேதான் நம்மவர்கள் கணக்குப் புத்தகங்களோடு கிளம்பினார்கள். பலர் நடந்தே வந்தார்கள். சொத்து பர்மாவிலேயே நின்றுவிட்டது. எண்ணெய் இருக்கும் இடம் பார்த்து நகர்ந்த போர் அது.

அந்தப் போரின் விமானங்கள் குடித்த எரிபொருளுக்கு ஓர் எண் உண்டு: 100 ஆக்டேன். அதே எண்ணை இன்று பைக் ஒர்க்‌ஷாப் வாசலில் கேட்கலாம். “நூறு ஆக்டேன் ஊத்துனா வண்டி பறக்கும்ணே. ரேஸ்ல அதைத்தான் போடுறாங்க.” புல்லட் வைத்திருப்பவரும் கேட்கிறார், டியூக் வைத்திருப்பவரும் கேட்கிறார். அதில் உண்மை இருக்கிறதா என்று பார்க்க, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நசுங்குகின்றன. பிளக் பற்றவைத்த தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருமுன், மீதிக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்தால், பிஸ்டன் தலையில் சுத்தியலால் தட்டின மாதிரி சத்தம் வரும். இதுதான் நாக்கிங். எவ்வளவு நசுக்கினாலும் பிளக் சொல்லும்வரை பெட்ரோல் காத்திருக்குமா என்பதை அளக்கத்தான் 1926-ல் கிரஹாம் எட்கர் ஒரு அளவுகோலை முன்வைத்தார். சட்டென்று தட்டிவிடும் ஹெப்டேனுக்கு 0, நின்று தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100. ஆக, ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமைக்குப் போட்ட மார்க். அதற்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

1940-ல் பிரிட்டிஷ் விமானப் படை இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தது. ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் விமானங்களின் மெர்லின் எஞ்சின் அதுவரை 87 ஆக்டேனில் ஓடியது. 100 ஆக்டேன் வந்ததும், தாழ்ந்த உயரத்தில் 1,030 குதிரைத் திறன் சுமார் 1,310 ஆனது. எரிபொருளை மாற்றி ஊற்றியதோடு வேலை முடிந்துவிடவில்லை. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தின் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்தப்பட்டது. அதற்காகக் கட்டுப்பாட்டுக் கருவியிலேயே மாற்றம் செய்தார்கள். அந்த மாற்றம் இல்லாமல் 100 ஆக்டேன் ஊற்றியிருந்தால் விமானம் பழையபடியேதான் பறந்திருக்கும்.

இப்போது புல்லட்டுக்கு வருவோம். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் ‘பூல்’ பெட்ரோல் என்று ஒரே ரகம்தான் கிடைத்தது. ஆக்டேன் 70 சொச்சம். அந்தக் காலத்தில் வடிவமைத்த வண்டியைத்தான் 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 6.5-க்கு 1. சுமாரான பெட்ரோலைக் கொடுத்தாலும் முணுமுணுக்காத வண்டி. அதற்குப் போய் நூறு ஆக்டேன் ஊற்றுவது, ரெண்டு இட்லி சாப்பிடுபவருக்குக் கல்யாண விருந்துக்கு இலை போட்ட கதைதான்.

சோழவரத்தில் நடந்தது வேறு. அதுவும் போர்க்கால ஓடுதளம்தான். 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. பந்தயத்துக்குப் போகும் வண்டியில் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள், போர்ட்டைப் பாலிஷ் போடுவார்கள், ஜெட்டை மாற்றுவார்கள். அவ்வளவும் செய்த பிறகு சாதாரணப் பெட்ரோல் தட்டும். அப்போதுதான் ரேஸ் ஃபியூவல் தேவைப்படுகிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு கேனில் வந்த எரிபொருள் தெரியும், எஞ்சினைத் திறந்து செய்த வேலை தெரியாது. சில ரேஸ் ஃபியூவல்களில் ஆக்சிஜன் கலந்திருக்கும், அது கொஞ்சம் திறன் கூட்டும் என்பது உண்மை. அதற்கும் எஞ்சினை அதற்கேற்ப ட்யூன் பண்ண வேண்டும்.

இந்த எண்ணைத் துரத்தியதற்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1921 டிசம்பர் 9 அன்று, ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் துளி ஈயச் சேர்மம் கலந்தால் நாக்கிங் நிற்கும் என்று கண்டுபிடித்தார். ‘எத்தில்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சி ஆலையில் 5 தொழிலாளர்கள் அந்த நஞ்சால் செத்தார்கள். விற்பனை கொஞ்ச நாள் நின்று, மறுபடி தொடங்கிவிட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் தெருவில் விளையாடிய பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் அது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.

சிறிய விமானங்களுக்கான ஆவ்கேஸில் இன்றும் ஈயம் உண்டு, லிட்டருக்கு அரை கிராம் வரை. “ஏரோபிளேன் பெட்ரோல் கிடைச்சா போட்ரலாமா?” என்று கேட்பவருக்கு இதைச் சொல்ல வேண்டும். பிஎஸ்6 வண்டியின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அது பாழாக்கும். புகை போவது நம் தெருவுக்குத்தான்.

பங்க்கிலேயே ஈயமில்லாமல் விற்கும் நூறு ஆக்டேன் அந்த வகையில் பாவம் செய்யாதது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்பி100-ஐக் கொண்டுவந்தபோது டெல்லியில் லிட்டர் சுமார் 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் அப்போது 82 சொச்சம். ஏறக்குறைய இரட்டிப்பு விலை. வண்டியின் கையேடு 91 போதும் என்று சொன்னால், அதற்கு மேல் கொடுக்கிற காசுக்குப் பெரும்பாலும் பலன் இல்லை. நாக் சென்சார் வைத்து, ஆக்டேனுக்கு ஏற்பப் பற்றவைக்கும் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் சில பெரிய வண்டிகளில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். கரி படிந்து தட்டுகிற பழைய வண்டியில் ஒரு படி கூடிய ஆக்டேன் சத்தத்தை அடக்கும். அதற்கும் முதல் மருந்து கரியைச் சுரண்டுவதுதான்.

இதற்கெல்லாம் சாட்சி இப்போது எல்லார் டேங்கிலும் இருக்கிறது. எத்தனால் நாக்கிங்கைத் தடுக்கும் என்பது மிட்ஜ்லி காலத்திலேயே தெரியும். இன்று 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் 100-க்கும் மேல். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், அதன் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் ஏறியது, மைலேஜ் இறங்கியது. “இருபது கலந்ததிலேர்ந்து வண்டி குடிக்குதுப்பா” என்று புலம்புகிறவரேதான் அடுத்த மூச்சில் நூறு ஆக்டேன் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்.