இறாலுக்கு விரித்த வலை

மலபார் கடற்கரையில் மாந்தள் என்றழைக்கப்படும் நாக்கு மீன் ஒரு சாண்கூட இருக்காது. குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். வளர வளர வலது கண் தலையைத் தாண்டி இடப்பக்கம் வந்துசேர, வலப்பக்கம் கீழே இருக்கும்படி சேற்றில் படுத்துவிடும். புழுக்களே அதற்கு முக்கிய இரை. 1950களில் கோழிக்கோட்டுக் கடலை ஆராய்ந்த சேஷப்பாவும் பீமாச்சாரும், தென்மேற்குப் பருவமழையில் கரையோரப் படுகையின் உயிர்கள் பெரிதும் அழிந்து, மழை ஓய்ந்ததும் மீண்டும் பெருகுவதைக் கண்டார்கள். மாந்தள் கரையோரம் திரண்டதும் அந்தச் சமயத்தில்தான். வள்ளக்காரர்களின் மாந்தள் பருவமும் அதுவே. மீன் வந்தால்தான் தொழில். அளவுக்கு மீறிப் பிடிக்காமல் காத்தது சட்டம் அல்ல, பருவம்.

இந்த ஒழுங்கு குலைந்தது மாந்தளுக்குக் கிராக்கி கூடியதால் அல்ல, இறாலுக்குக் கூடியதால். கொல்லம் அருகே நீண்டகரையில் 1953இல் இந்தோ-நார்வே திட்டம் விசைப்படகுகளுக்கு வழி திறந்தது. அதே ஆண்டு கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் ஏற்றுமதியும் தொடங்கியது. 1960களில் இறால் விலை ஏற ஏற இழுவலைப் படகுகள் பெருகின. இறாலும் மாந்தளும் ஒரே சேற்றுப் படுகைவாசிகள். இறால் தப்பாதபடி சிறு கண்ணியில் பின்னிய மடிக்குள் மாந்தள் குஞ்சும் அகப்பட்டது. அன்று முதல் ஏழை வீட்டுக் குழம்பு மீனின் கதியை முடிவு செய்தது அயல்நாட்டுச் சந்தையின் இறால் விலை.

வள்ளக்காரர்களும் குஞ்சுகளைப் பிடித்தார்களே என்று கேட்கலாம். பிடித்தார்கள், ஆனால் மீன் ஆழத்துக்கு விலகியதும் அவர்கள் கை ஓய்ந்தது. இழுவலை அங்கும் தொடர்ந்து போனது. விசைப்படகு வருமுன்பே மாந்தள் வரத்து ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கியதே என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மைதான். தானாகவே தடுமாறும் வளத்தின் மீதுதான் கூடுதல் சுமையை ஏற்றக் கூடாது. இன்னமும் மாந்தள் சந்தைக்கு வருகிறதே என்றால், சில ஆண்டுகளே வாழ்ந்து விரைந்து பெருகும் அதன் இயல்பைத்தான் பாராட்ட வேண்டும், நம் நிர்வாகத்தை அல்ல. சிறு மீனவர்கள் நெடுநாள் போராடிய பிறகே 1988இல் கேரளத்தில் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. பருவம் கூலியில்லாமல் செய்துவந்த காவலைச் சட்டம் ஏற்க, 1953இலிருந்து 35 ஆண்டுகள் ஆயின. ஒரு மீனுக்குக் கிடைக்கும் விலையைக் கணக்கிடும்போது, கூடவே வலையில் விழும் மீன்களின் இழப்பையும் அதில் சேர்ப்பதே நேர்மையான கணக்கு.